சோர்ந்துபோன விசுவாசிக்கு: கர்த்தருடைய பெலத்தைச் சார்ந்துகொள்ள ஒரு நடைமுறை வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் சபையில் ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வந்த அட்டையில், கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்னும் ஏசாயா 40:31 கழுகுப் படத்தோடு அச்சிடப்பட்டிருந்தது. பிப்ரவரியில் அம்மா பக்கவாதத்தில் படுத்தார். அதன்பின் 14 மாதங்கள் அலுவலகம், அம்மாவின் படுக்கை, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஓடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலய வாசற்படியில் உட்கார்ந்தவள் உள்ளே போகவும் மனமில்லாமல், வீட்டுக்குத் திரும்பவும் தெம்பில்லாமல் ஆராதனை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். அட்டையில் இல்லாத 30-ஆம் வசனத்தை அதற்குப் பின்புதான் கவனித்துப் படித்தேன்: "இளைஞர் இளைப்படைந்து சோர்ந்துபோவார்கள், வாலிபரும் இடறிவிழுவார்கள்." சோர்வைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட்டுத்தான் அந்த அதிகாரம் பெலனைப் பற்றிப் பேசுகிறது.

அந்த நாளுக்குப் பிறகு நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, நான் செய்த தவறுகளோடு சேர்த்து, செய்ய வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். சபைப் பொறுப்பும் வீட்டுப் பாரமும் சேர்ந்து அழுத்துகிற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இதில் இறையியல் விளக்கம் குறைவு. எந்தத் தாளை எடுத்துக்கொண்டு, யாரிடம், எப்போது போவது என்பதே அதிகம்.

1. ஜெபக் குறிப்பு கொடுப்பதற்கு முன்பு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்

இதை முதலாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. என் சோர்வுக்குப் பாவத்தையும் விசுவாசக் குறைவையும் எட்டு மாதம் காரணமாகத் தேடினேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்கியதற்கும், வேதாகமத்தைத் திறந்ததும் கண் சொருகியதற்கும் பெரும்பகுதி விளக்கம் அந்த ஒரு எண்ணிலேயே இருந்தது.

ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எனக்குத் தனியார் ஆய்வகத்தில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,400 ரூபாய் ஆயிற்று. அரசு மருத்துவமனையில் பார்ப்பதானால் ஆதார் அட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுத்துவிட்டால் அரை நாளில் திரும்பலாம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகவேண்டியிருக்கும் என்பதால், வேறொன்றும் சாப்பிடுவதற்கு முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைத் தேநீரோடும் காப்பியோடும் விழுங்காதீர்கள். அவை சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மாதக்கணக்கில் தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்து அது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மாத்திரை எடுப்பது விசுவாசத்துக்குக் குறைவு என்று உங்களிடம் சொல்ல யாராவது கட்டாயம் வருவார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). அப்போஸ்தலனே வயிற்றுக்கு மருந்து சொல்லியிருக்கும்போது, இரும்புச்சத்து மாத்திரைக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாதிருந்தால், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தால், மற்ற படிகளை ஒத்திவைத்துவிட்டு இன்றைக்கே பேசுங்கள். 14416 என்பது மத்திய அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அழைத்துவிட்டு ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு அழைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அழைப்பதற்கான தைரியம் போய்விடுகிறது.

2. சுமக்கிறவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

"ஆண்டவரே, பெலன் தாரும்" என்று 14 மாதம் ஜெபித்தேன். எதைச் சுமப்பதற்கான பெலன் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எழுதிப் பார்த்தபோது 11 பொறுப்புகள் இருந்தன.

இரண்டு மாலை நேரங்களை இதற்கு ஒதுக்குங்கள். இடப்பக்கம் பொறுப்பின் பெயர், அடுத்ததாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கடுத்ததாக அது உங்களிடம் எப்படி வந்தது என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியில்தான் உண்மை வெளிப்படும். அம்மாவைப் பார்த்துக்கொள்வது மகளாக எனக்கு வந்த கடமை. ஓய்வுநாள் பள்ளியை நான் மனதார விரும்பி ஏற்றேன். சபையாருக்குப் பொது விருந்து வைக்கும் அசனப் பண்டிகைக்கு வீடு வீடாகப் போய் நன்கொடை பிரிக்கும் வேலையோ, ஒருமுறை ஒருவருக்குப் பதிலாகப் போனதால் ஆறு ஆண்டுகளாக என் தலையில் நின்றுவிட்டது. சங்கத்தின் கணக்கு எழுதும் வேலை, மறுத்தால் இன்னார் மனம் நோவார் என்பதற்காக வாங்கியது. கர்த்தர் கொடுத்தார் என்று நான் நினைத்திருந்த 11-இல் ஐந்துக்கு, என்னால் மறுப்புச் சொல்ல முடியாமற்போனதே காரணம்.

இதை எழுதும் முன்பு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். மோசேக்கு அதிக பெலன் கிடைக்கும்படி அவர் ஜெபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் அதிபதிகளை ஏற்படுத்தச் சொல்கிறார். தேவனோடு முகமுகமாய்ப் பேசின ஒருவருக்கே வேலையைப் பகிர்ந்துகொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: வைத்துக்கொள்வது, மூன்று மாதம் நிறுத்துவது, ஒப்படைப்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. விட்டால் சந்தோஷம் வற்றிப்போகும் ஒரு பொறுப்பையாவது வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுவதை நான் விடவில்லை. வியாழக்கிழமைகளில் அந்த ஒரு மணி நேரம் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

3. பத்து நாள் எலியாவின் வரிசையில் வாழுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த அதே எலியா, இங்கே வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியே ஒரு நாள் பயணம் வனாந்தரத்துக்குள் நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். அதற்குப் பின்பு நடப்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தூங்குகிறார். தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாந்தரம் எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். பிறகு 40 நாள் ஓரேப் பர்வதத்துக்கு நடை. அங்கே போய்ச் சேர்ந்த பின்புதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. அவர் தன் மனத்தாங்கலைச் சொல்கிறார். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டபின்பும், மறுபடி கேட்கப்பட்டபோது, அதே மனத்தாங்கலை வார்த்தை மாறாமல் சொல்கிறார். புதிய வேலையும், அவருக்குப்பின் வரப்போகும் எலிசாவின் பெயரும், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் மீதியிருக்கிறார்கள் என்ற செய்தியும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகின்றன.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். முதலில் செய்தி கேட்க வேண்டும் என்று கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்களுக்குப் போனேன். அதன்பின் புதிய பொறுப்பை ஏற்றேன். மனத்தாங்கலை யாரிடமும் சொல்லவில்லை. தூக்கமும் சாப்பாடும் நேரம் கிடைத்தால் என்றிருந்தேன். தூதன் எலியாவைக் கடிந்துகொள்ளவில்லை. வசனம் சொல்லித் திருத்தவும் இல்லை. அடை சுட்டு வைத்திருந்தான்.

ஆகவே பத்து நாளைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவே. இரவு 10 மணிக்குப் படுத்துவிடுங்கள். மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டே இட்லியை வாயில் போட்டுக்கொள்வது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. மாலையில் அரைமணி நேரம் நடந்துவாருங்கள். புதிய தீர்மானம் ஒன்றும் எடுக்க வேண்டாம், ராஜினாமாக் கடிதமும் எழுத வேண்டாம்.

"படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. 14 மாதமாக நான் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய இரவே இல்லை. தம்பியிடம் கேட்கக் கூச்சப்பட்டேன். கடைசியில் கேட்டபோது, "அக்கா, நீ ஒருநாளும் கூப்பிடவேயில்லையே" என்றான். சனிக்கிழமை இரவு அவன் பொறுப்பு என்றானது. செவ்வாய் இரவுக்கு, முன்பு மருத்துவமனையில் ஆயாவாக வேலைபார்த்த ஒரு அம்மாளை இரவுக்கு 700 ரூபாய் என்று பேசி அமர்த்தினோம். மாதம் ஏறக்குறைய 3,000 ரூபாய். அந்தத் தொகைக்காக நான் முதலில் தயங்கினேன். அதே மாதத்தில் மூன்று கன்வென்ஷன்களுக்குக் காரில் போய்வர அதைவிடக் கூடச் செலவழித்திருந்தேன் என்பது கணக்கு எழுதியபோதுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் வீட்டுக்கு வரும். நோயாளியின் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நான் ஓராண்டு தாமதமாகத்தான் கேட்டேன்.

"அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று சங்கீதம் 127 சொல்வதைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். தூக்கமும் கர்த்தர் தரும் ஈவுகளில் ஒன்று என்று அந்தச் செவ்வாய் இரவுகளில்தான் விளங்கிற்று.

4. ஜெபத்தைக் குறுக்குங்கள், நேரத்தை மாற்றாதீர்கள்

சோர்ந்தவரிடம் சபை முதலில் சொல்வது "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்பதே. அந்த ஆலோசனையைக் கேட்டு நான் முழு இரவு ஜெபத்துக்கும் வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கும் பெயர் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9 இருந்த உடம்புக்கு அது நல்லதாக அமையவில்லை. சர்க்கரை நோயோ இரத்தசோகையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். கெத்செமனேயில் தூங்கிப்போன சீஷர்களைப் பார்த்து, ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று சொன்னவருக்கு நம் மாம்சத்தின் நிலை தெரியும்.

எனக்கு உதவிய ஒழுங்கு இது. அதிகாலை ஐந்தரைக்கு, அம்மாவுக்குக் கஞ்சி வைப்பதற்கு முன்பு, 15 நிமிடம். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன். அதில் என் நிலையைச் சொல்லும் ஒரு வரியை அப்படியே ஜெபமாகச் சொல்வேன். "சஞ்சலத்தால் என் ஆத்துமா கரைந்துபோகிறது, உமது வசனத்தின்படி என்னை எடுத்து நிறுத்தும்" என்ற சங்கீதம் 119:28-ஐ மட்டும் மூன்று வாரம் சொன்னேன். பிறகு அன்றைய நாளின் ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் கேட்பேன்: இன்றைக்கு அம்மாவின் உடம்பைத் துடைக்கும்போது எரிச்சல்படாமலிருக்க உதவும் என்பது போல. வாரத்தைக் குறித்துக் கேட்பதை விட்டுவிட்டேன். கர்த்தருடைய ஜெபத்தோடு முடிப்பேன். சொந்த வார்த்தைகள் வராத நாள்களில் கர்த்தருடைய ஜெபம் மட்டுமே இருந்தது. அதுவும் போதுமானதாக இருந்தது.

சங்கீதங்களில் தொடங்க இடம் தேடுபவர்கள் 42, 88, 121 ஆகியவற்றை வாசியுங்கள். 88-ஐப் பலர் தவிர்க்கிறார்கள், ஏனெனில் அது இருளிலேயே முடிகிறது. முடிவில் நம்பிக்கை வரி இல்லாத ஒரு ஜெபத்தையும் வேதாகமம் தனக்குள் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. ஒவ்வொரு ஜெபத்தையும் ஸ்தோத்திரத்தில் முடித்தே ஆகவேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன்.

வசனங்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை, எந்தப் பொறுப்பையும் மறுக்கக்கூடாது என்பதற்கு ஆதாரமாக என்னிடம் ஒருவர் காட்டினார். பிலிப்பியர் 4-இல் முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் சொல்கிறார். குறைவிலும் நிலைத்திருக்கும் பெலனைப் பற்றியது அந்த வசனம். அசனத்துக்கு நன்கொடை பிரிப்பதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

5. சபைக்குக் கடிதம் கொடுங்கள்; வாய்மொழியாகச் சொல்லாதீர்கள்

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குருவானவரிடம் "கொஞ்ச நாளைக்கு முடியாது ஐயா" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும், "கர்த்தர் பெலன் தருவார், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்" என்று அன்போடு சொல்லி அனுப்பினார்கள். அதில் அவர்கள் தவறு பாதி; ஆலய வாசலில் நின்றுகொண்டு சொன்னதற்கு அதற்குமேல் பதில் எதிர்பார்த்தது என் தவறு.

சேகர குருவை, அதாவது உங்கள் சபைப் பொறுப்பிலுள்ள குருவானவரை, பார்க்க வாரநாளில் நேரம் கேளுங்கள். கடிதத்தை எழுதிக் கையில் கொண்டுபோங்கள். எவ்வளவு காலம் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாத ஓய்வு இரண்டு வாரத்தில் கரைந்துபோகும். நான் எழுதியதன் சாரம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். உடல்நலக் குறைவினாலும், படுக்கையிலிருக்கும் என் தாயாரைப் பராமரிக்க வேண்டியிருப்பதாலும், ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பிலிருந்து எனக்கு ஓய்வு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வருகைப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, ரசீதுகள், அலமாரிச் சாவி ஆகியவற்றை மே மாதக் கடைசி ஞாயிறன்று தாங்கள் குறிப்பிடுகிறவரிடம் ஒப்படைப்பேன். சங்கக் கணக்குப் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக விலக விரும்புகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்."

காரணத்தை இதைவிட விரிவாக எழுத வேண்டியதில்லை. மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டியதில்லை. மனக்குறைகளைக் கடிதத்தில் சேர்க்கவே கூடாது. சபை மன்றத்தில் அது வாசிக்கப்பட்டால் ஓய்வு வேறு விவகாரமாக மாறிவிடும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்போ, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்களின் நடுவிலோ, பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கும்போதோ கொடுத்தால், "இது முடியட்டும்" என்ற பதிலே வரும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு கொடுத்தது எனக்கு வசதியாக அமைந்தது. ஆனால் உடல்நிலை மோசமாயிருந்தால் காலம் பார்க்காதீர்கள்.

ஒப்படைக்கும்போது பணக் கணக்கை இருவர் முன்னிலையில் எண்ணிக்கொடுத்து, தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால், சங்கக் கணக்கில் 640 ரூபாய் வித்தியாசம் பற்றி ஓய்வின் முதல் மாதத்திலேயே எனக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன. தொகை சின்னது, ஆனால் அந்த நான்கு நாள்களும் தூக்கம் போயிற்று.

உங்கள் இடத்துக்கு வருகிறவர் உங்களைப் போல் செய்யமாட்டார். பாட்டு தவறும், பதிவேட்டில் பெயர் விடுபடும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

6. ஆரோனும் ஊரும் யார் என்று தீர்மானியுங்கள்

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கினார்கள், உட்காரக் கல்லும் வைத்தார்கள் (யாத்திராகமம் 17). இரண்டே பேர். என் முதல் தவறு, ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதியது. 86 பேர் கும்பிடும் கையை அனுப்பினார்கள், மறுநாள் காய்கறிக் கடையில் ஒருவர் என் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டார்.

நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் சபைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல், புதன்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், பத்து நிமிடம் பேசுவோம் என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். என் இரண்டு பேரில் ஒருவர் பழைய பள்ளித் தோழி, கத்தோலிக்கப் பெண். அவள் பெரும்பாலும் ஜெபிக்கவே மாட்டாள். "சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்" என்று கேட்டுவிட்டு, பொய் சொல்கிறேனா என்று கவனிப்பாள்.

7. ஒரு நாளாவது தனித்திருங்கள்

புசிக்கவும் சமயமில்லாதிருந்த சீஷர்களை இயேசு தனிமையான இடத்துக்குச் சற்றே இளைப்பாற அழைத்தார் (மாற்கு 6:31). படகில் போய் இறங்குவதற்குள் கூட்டம் அங்கே வந்துவிட்டது என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. ஆகவே திட்டமிட்டபடி நடக்காவிட்டால் மனம் தளராதீர்கள். என் முதல் முயற்சி பேருந்து நிலையத்திலேயே முடிந்தது; அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தம்பி அழைத்துவிட்டான்.

இரண்டாம் முறை மணப்பாட்டுக்குப் போனேன். திருச்செந்தூர் வழியாகப் பேருந்தில் போய்வர 300 ரூபாய்க்குள் முடிந்தது. புளியோதரையும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். கடலோர மேட்டின்மேல் கத்தோலிக்கரின் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது, கீழே அலை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள், அங்கே யாரும் என்னை எந்தச் சபை என்று கேட்கவில்லை. செப்டம்பர் 14-ஐ ஒட்டிய திருவிழா நாள்களில் மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

இரண்டு மூன்று நாள் தங்க முடிகிறவர்களுக்கு, திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமமும், குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் என்னும் கத்தோலிக்க ஆசிரமமும் இருக்கின்றன. சாந்திவனத்தின் வழிபாட்டு முறை சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். அது ஒத்துவராது என்று கருதுபவர்கள் வேறிடம் தேடுங்கள். எங்கே போவதானாலும் முன்கூட்டியே கேட்டு இடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். தங்குவதற்குக் கட்டணமா காணிக்கையா, சாப்பாட்டு நேரம் என்ன, தனியாக வரும் பெண்களுக்கு அறை உண்டா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை நகல், போர்வை, மாத்திரைகள், வேதாகமம், ஒரு வெற்று நோட்டு ஆகியவை போதும். பிரசங்கங்களைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படி 12 பிரசங்கங்களோடு போய், மதியம்வரை கேட்டு, தலைவலியோடு கடலைப் பார்க்க உட்கார்ந்தேன். மதியத்துக்குப்பின் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை, பரலோகத்திலிருந்து சத்தமும் வரவில்லை. மாலை நான்கு மணிவாக்கில் பசித்தது. பல மாதங்களுக்குப்பின் எனக்குப் பசித்தது அன்றுதான்.

8. மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்

எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் தூக்கம் சரியாக மூன்று வாரம், இரத்தம் ஏற நான்கு மாதம், ஆலயத்துக்குள் கடமை என்ற நினைப்பின்றி உட்கார ஏறக்குறைய ஆறு மாதம் ஆயின. இடையில் இரண்டு முறை பின்னடைவு வந்தது. முதல் பின்னடைவில், ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்து இரண்டு வாரம் எல்லாவற்றையும் கைவிட்டிருந்தேன்.

சூழ்நிலை மாறினால்தான் பெலன் வந்ததாகக் கணக்கு என்று எண்ணாதீர்கள். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்து வருத்தியதை எடுத்துவிடும்படி பவுல் மூன்றுதரம் கேட்டார், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). அம்மா இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். இரவில் இன்னும் எழுந்து புரட்டுகிறேன், வாரத்தில் ஐந்து இரவுகள். சில இரவுகளில், இதற்கான தெம்பு என்னிடம் இல்லை என்று தெரிந்தே எழுந்திருக்கிறேன். எழுந்த பின்பு, எப்படியோ, புரட்டி முடிக்கிறேன். இதைத்தான் சார்ந்துகொள்வது என்கிறோம் என்று நினைக்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் 2-ஆம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். நிறுத்திவைத்தவற்றில் ஒன்றை மட்டும் திரும்ப எடுங்கள். அடுத்ததற்கு இன்னும் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். நீங்கள் இல்லாமலே நன்றாக நடந்துவருவதைக் கேட்டுத் திரும்ப வாங்காதீர்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு நான் பொறுப்பாளராகத் திரும்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்குப்பின் வந்த இளம்பெண் பதிவேட்டை வேறு வண்ண மையில் எழுதுகிறாள், காணிக்கையை என்னைவிட ஒழுங்காக எண்ணுகிறாள்.

மூன்று மாதம் ஆகியும் தேறவில்லையென்றால் முதல் படிக்குத் திரும்பி, முந்தின அறிக்கையோடு மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். போகும் காலையில் சாப்பிடாமல் கிளம்ப வேண்டும் என்பதால், இரத்தம் கொடுத்ததும் சாப்பிட இரண்டு இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.